ஐந்து சென்டிமீட்டர் வாசல்

கரிச்சான் குருவிக்கென்று அளந்துதான் துளையிட்டேன்.
ஐந்து சென்டிமீட்டர். கூடினால் மைனா நுழையும்,
குறைந்தால் கரிச்சானின் தோள் உரசும்.
மெராந்திப் பலகை, துருப்பிடிக்காத திருகாணி,
கிழக்குப் பார்த்த வாசல்.
கெலுகோர் வீட்டுப் பின்புறத்து ஜம்பு மரத்தில்
ஏணி வைத்து மாட்டிவிட்டு
காப்பிக் குவளையோடு காத்திருந்தேன்
பிப்ரவரி முழுதும்.

மார்ச்சில் தேனீ வந்தது.

முதலில் ஒன்றே ஒன்று,
வீடு பார்க்க வருகிறவர்களைப் போல
நிலையைத் தொட்டு, உள்ளே போய், வெளியே வந்து,
சந்தேகம் தீராமல் மறுபடி உள்ளே போய்.
சனிக்கிழமை, மழைக்கு முந்திய புழுக்கத்தில்,
கூட்டம் மொத்தமும் இறங்கியது.
ஜம்பு மரம் மோட்டார் சைக்கிள் போல உறுமிற்று.

துணி உலர்த்தப் போன தேவமலர்
வாளியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.
இரண்டு நாள் என் சட்டை ஒன்று கொடியிலேயே கிடந்து
நனைந்து, காய்ந்து, நனைந்தது.

மிஸ்டர் சியா வேலிக்கு மேல் தலை நீட்டினார்.
"பொம்பாவைக் கூப்பிடு.
இரவில் வந்து நெருப்பு வைப்பார்கள்.
ஐந்து நிமிட வேலை."
அவர் மகள் ஹுய் மின்னை ஒருமுறை கொட்டி
இரண்டு கண்ணும் மூடிப்போய்
மருத்துவமனையில் கிடந்தாள்.
அதையும் சொன்னார். குரல் உயர்த்தாமல் சொன்னார்.

கூப்பிட்டேன்.
என்ன பெட்டி என்று கேட்டார்கள்.
"பறவைக்கு வைத்தது," என்றேன் மலாயில்,
"பறவைக்கு மட்டும்."
சஹாஜா.
அந்தச் சொல் பல்லில் கல்போல் சிக்கியது.

கல்யாணமான வருஷம்
ஜெலுத்தோங், பாயான் பாரு, ஃபார்லிம்
என்று பதினோரு வீடு கேட்டோம்.
வாடகை பேசி, முன்பணம் பேசி,
எந்தத் தேதியில் சாவி என்பதுவரை பேசி,
கடைசியில் பெயர் கேட்பார்கள்.
"அற்புதநாதன்."
மறுமுனையில் ஒரு மூச்சு.
"ஐயோ, நேற்றே கொடுத்துவிட்டேனே."
ஒரே ஒரு அம்மாள்தான் உள்ளதைச் சொன்னாள்:
தாளிக்கிற வாசம் சுவரில் ஏறிவிடுமாம்.
அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை.
மற்ற பத்துப் பேர்மேல்தான்.

"ஹலோ? ஹலோ?" என்றது தொலைபேசி.
துண்டித்தேன்.

இதைப் பெருந்தன்மை என்று யாரும் எழுத வேண்டாம்.
ஹுய் மின்னின் வீங்கிய கண்ணை நான் பார்த்திருக்கிறேன்.
அதனால்தான் பாலிக் புலாவில் தேன் பெட்டி வளர்க்கும்
ஹாஷிமைத் தேடிப் பிடித்தேன்.
வியாழன் மாலை வந்து கூண்டோடு கொண்டுபோவதாகச் சொன்னார்.
"வியாழன்வரைதான்," என்றார் சியா.
"வியாழன்வரைதான்," என்றேன்,
வாடகை பாக்கிக்காரன் போல.

செவ்வாய் இரவு, எல்லா ஜன்னலும் அடைத்த பிறகு,
ஏணியில் ஏறிப்
பலகையில் உள்ளங்கை வைத்தேன்.
காய்ச்சல்காரக் குழந்தையின் முதுகு மாதிரி
கதகதவென்று இருந்தது.
உள்ளே யாரோ ஓயாமல் எதையோ
திருத்திக்கொண்டிருந்தார்கள்.

புதன்கிழமை காலை மரத்தில் சத்தமில்லை.

வியாழன் ஹாஷிம் வந்தார், சொன்னபடியே.
மூடியைத் திறந்து காட்டினார்:
மூன்று வெள்ளை அடைகள்,
என் கையளவுகூட இல்லை,
ஒரு சொட்டுத் தேனில்லை.
"வீடு பிடிக்கவில்லை போல," என்றார்.
"கிழக்கு வாசல். வெயில் நேரே அடிக்கிறது."
பெட்ரோலுக்கு இருபது வெள்ளி மட்டும் வாங்கிக்கொண்டார்.

எங்கே போயின என்று சியாவுக்குத் தெரியவில்லை.
தினமும் தன் கூரையை அண்ணாந்து பார்க்கிறார்.

நேற்று பெட்டியைத் திரும்ப மாட்டினேன்,
கொஞ்சம் வடக்கே திருப்பி.
மெழுகைச் சுரண்டவில்லை.
துளை அதே ஐந்து சென்டிமீட்டர்.
"இந்த முறை யாருக்கு?" என்றாள் தேவமலர், கீழிருந்து.
வாயில் திருகாணி இருந்தது.
கேட்காதது போல் இருந்துவிட்டேன்.