அட்டை செருகப்படவில்லை

உலான்பாத்தரில் மைனஸ் முப்பத்தெட்டு.
இரவானால் கார் பேட்டரியைக் கழற்றி
நாலு மாடி தூக்கிப் போகிறவர்கள் நாங்கள்.
ஹீட்டர் பக்கத்தில் துணி விரித்து
அதைப் படுக்கவைப்போம்.
காலையில் மாட்டினால் எஞ்சின் எழுந்துவிடும்,
திரைதான் எழாது.
ஒரே ராத்திரியில் எல்லாவற்றையும் மறந்து
யார் நீ, குறியீடு சொல் என்று
ஜப்பானிய மொழியில் கேட்கும்.

அதில் ஓடுகிறது என் பிழைப்பு.

நர்மந்தாக் வந்தாள். டாக்சிக்காரி.
ஸ்டியரிங்கும் வலது, ஊர் ஓடுவதும் வலது.
லாரியை முந்த வேண்டுமென்றால்
இடப்பக்கத்துப் பயணியைக் கேட்டாக வேண்டும்:
எதிரே வருதா?

"நாலு நாளாச்சு, பேசவே இல்லை"
என்றாள் திரையைக் காட்டி.
புருஷனைச் சொல்கிற மாதிரி இருந்தது.

புதுசு மாட்டித் தருகிறேன் என்றேன்.
ஒன்பது அங்குலம், நம் எழுத்து,
போனைக் கண்டதும் தானே ஒட்டிக்கொள்ளும்,
விலையும் பார்த்துப் போடலாம்.
அவள் கையுறையைக்கூடக் கழற்றவில்லை.
"இதையே திற."

திரை காட்டிய பதினாறு எழுத்தை
மடிக்கணினிக்கு ஊட்டினேன்.
எட்டு எழுத்து திருப்பித் தந்தது.
விறைத்த விரலைத் திரை மதிக்கவில்லை;
அக்குளில் வைத்துச் சூடேற்றி
ஒவ்வொன்றாகத் தொட்டேன்.

விழித்தது. மரியாதையான பெண்குரல் ஒரு வரி சொன்னது.
"சரி சரி, வந்துட்டேன்" என்று
நர்மந்தாக் பதில் சொன்னாள்.

நகோயாவில் மூன்று வருடம்
உதிரிபாகக் கிடங்கில் நின்றவன் நான்.
வாய் சும்மா இருக்கவில்லை.
"சுங்கச்சாவடி அட்டை செருகப்படவில்லை.
அதைத்தான் சொல்கிறாள்."
"ஆறு வருஷமாவா?"
"ஆறு வருஷமாத்தான்."
கண்ணாடி முழுக்க ஆவி படியச் சிரித்தாள்.
"உடம்பைப் பார்த்துக்கோன்னு சொல்றாள்னு
நினைச்சிருந்தேன்."

வரைபடத்தில் எங்கள் நகரம் இல்லை.
சாம்பல் வெளியில் ஒரு அம்பு
வடக்கே பார்த்து நின்றது.

போனை இணைக்கப் போனால் இடமில்லை.
ஐந்து பேர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள்.
மிசுஸு. ஹோனோகா. அலுவலகம் 2.
வெறும் எண்ணாக ஒன்று. மறுபடி மிசுஸு.
ஒருவர் இறங்கினால்தான் நீ ஏறலாம் என்றேன்.
"ஆபீஸை இறக்கு."

இறக்கினேன். அவள் போன் ஏறிக்கொண்டது.
ஆனால் அவள் தொட்டது வட்டுக்குள் கிடந்த பாட்டை:
படிக்கத் தெரியாமலே,
கீழிருந்து மூன்றாவது, அதற்குள் இரண்டாவது.

பியானோ. சின்னக் கை.
பாதியில் நின்றது.
ஒயர்தான் போயிற்று என்று நான் பின்னால் கைவிட,
மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.
"இரு."
எங்கோ தள்ளி யாரோ இருமினார்கள்.
பிறகு இரண்டு சுரம் பின்னே போய்
சரியாகத் தொடங்கியது அந்தக் கை.

"ஏறுகிறவன் எல்லாம் புளூடூத் போச்சும்பான்.
இதை என் போனுக்கு எடுத்துத் தருவியா?"
முடியாது.
இந்தப் பெட்டி வாங்கிக்கொள்ளும், கொடுக்காது.

அப்படியானால் என்று
போனையே ஒலிபெருக்கிமேல் சாய்த்து வைத்தாள்.
கிரைண்டரை நிறுத்தச் சொல்லிப் பையனிடம் கைகாட்டினேன்.
ஹீட்டர் விசிறியை அணைத்தோம்.
மூச்சை அடக்கிக்கொண்டு இரண்டு பேர்.
பியானோ. நின்றது. இருமல்

இருமலோடு இருமலாக
நாலு கதவிலிருந்தும் மணி அலறியது.
புதிதாக ஏறிய போனுக்கு அழைப்பு.
"டாக்சியா? எங்கே இருக்கீங்க?
கால் உறைஞ்சு போச்சு!"

நர்மந்தாக் என்னைப் பார்த்தாள்.
நான் மடிக்கணினியை மூடினேன்.
"வர்றேன்" என்றாள் டாஷ்போர்டிடம்.

பணத்தை என் சட்டைப் பையில் திணித்துவிட்டு
வாசலில் மூக்கை நீட்டி நின்றது கார்.
பக்கத்து இருக்கை காலி.
கண்ணாடியை இரண்டு விரல் இறக்கிக் கத்தினாள்:
"எதிரே வருதா?"

பனிப்புகையில் இரண்டு பக்கமும் பார்த்தேன்.
ஒரு பேருந்து. போகட்டும்.
ம், இப்போ.