ஆறு பேருக்கு இடம்

பதினொரு பெயர்கள். ஆறு இடங்கள்.
வெள்ளைப் பலகையில் காந்த வில்லைகளை
மாற்றி மாற்றி வைத்து
என் நகக்கண் கறுத்துவிட்டது.

சஸ்கட்டூனில் ஆகஸ்ட் கடைசி வாரம்.
வடக்கே காடு எரிகிறது.
மாலை ஆறு மணிக்கே சூரியன்
தேய்ந்த செப்புக்காசு.
மைதானத்தின் தென்மூலையில் கோபர் எலியின் வளை;
போன வருடம் அதில் ஒரு கணுக்கால் போனது.
இந்த வருடம் நானே மண் போட்டு மூடினேன்.
அது பக்கத்தில் இன்னொன்று தோண்டிக்கொண்டது.

பகலில் தானியக் கிடங்கில்
கோதுமைக்குத் தரம் போடுகிறவன் நான்.
முதல் தரம், இரண்டாம் தரம், மாட்டுத்தீவனம்.
உடைந்த மணி எதுவும்
என்னை நிமிர்ந்து பார்ப்பதில்லை.

ஒலெக்சுக்கைப் பற்றிப் பேச்சே இல்லை.
ஆறடி நாலங்குலம். தலைக்கு மேல் போகும் பந்தை
மேல்தட்டுச் சீனிடப்பா மாதிரி எடுத்து இறக்குவான்.
எதிராளியைத் தடுக்கச் சொன்னால் மட்டும்
காற்றைக் கட்டிக்கொள்வான்.

டெங் வேகம். வெறும் வேகம்.
பந்து அவனைத் தேடிக் களைத்துவிடும்.
'திரும்பிப் பாரடா!' என்று ஒருநாள் தமிழில் கத்தினேன்.
திரும்பினான்.
எப்படிப் புரிந்ததோ.

ரைமர் குள்ளன், பண்ணைப் பையன்.
நாலு பேர் மேலே விழுவார்கள் என்று தெரிந்தே
நட்டநடுவில் போய்க் கையை நீட்டுவான்.
அறுவடை தொடங்கினால் வரமாட்டேன் என்று
முதல் நாளே சொல்லிவிட்டான்.
மழை பெய்தால் ஆட்டம், வெயில் அடித்தால் கம்பைன்.
ஆக, என் ரிசீவர்களில் ஒருத்தி வானிலை.

ஜெரிக்கோவும் ஃபெர்லாண்டும் போதும், நம்பலாம்.
மூன்று பேர் முதல் வாரமே
தாங்களாகக் காணாமல் போனார்கள்.
ஒருவனுக்குத் தோள்.

இந்த நாட்டு ஆட்டத்தில் ஒரு சலுகை உண்டு:
பந்து அசையுமுன்னே இவர்கள் ஓடத் தொடங்கலாம்.
ஓடிவந்து கோட்டைத் தொடும் கணமும்
பந்து கிளம்பும் கணமும் ஒன்றாயிருக்கவேண்டும்.
அரை எட்டு முந்தினால் கொடி விழும்.
அரை எட்டு பிந்தினால் ஓடியதே வீண்.
பதினேழு வருடமாய் இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.
ஒரு கலியாணவீட்டுக்காவது
நேரத்துக்குப் போயிருக்கிறோமா என்கிறாள் பாமினி.

மிச்சம் ஓர் இடம், இரண்டு வில்லை.

ஒபின்னா இருபதுக்கு ஐந்து பந்தைக் கைவிடுகிறான்.
ஆனால் எவனையும் உதறிவிட்டு
வெட்டவெளியில் தனியாக நிற்கத் தெரிந்தவன்.
ஹால்வர்சன் கைக்குப் போன பந்து
இந்த முகாமில் ஒன்றுகூடக் கீழே விழவில்லை.
பந்து போகுமளவு இடம்தான்
அவனைச் சுற்றி ஒருநாளும் இருந்ததில்லை.
வயது இருபத்திரண்டு. இதோடு வயதெல்லை.
நாலு வருடமாய் வலைப்பையைத் தூக்கி வருகிறவன்,
கூம்புகளை எண்ணி வைக்கிறவன்.

எறிகிறவனைக் கேட்டேன்.
காலணிக் கயிற்றைப் பார்த்துக்கொண்டே
'ஒபின்னா' என்றான்.

ஹால்வர்சனைக் கூப்பிட்டுச் சொன்னேன்.
நல்ல பையன் என்று தொடங்கினேன்,
அந்த வாக்கியத்துக்கு முடிவில்லை.
தலைக்கவசத்தை ஒரு கையிலிருந்து
மறு கைக்கு மாற்றிக்கொண்டு
'சரி' என்றான்.
ஒபின்னா ஐந்து பந்தைக் கைவிட்டவன்.
நான் கைவிட்டது ஒன்றுதான்.

அவன் பெயர் எழுதிய வில்லையைச்
சட்டைப்பைக்குள் போட்டிருந்தேன்.
அது போய் கொட்டகைச் சாவி வளையத்தில் ஒட்டிக்கொண்டது.
பிய்க்கத் தோன்றவில்லை.
வண்டியடியிலிருந்து,
'பூட்டிவிட்டுப் போகிறாயா' என்று
அப்படியே எறிந்தேன்.
புகை. அரையிருட்டு. என் எறிதல் எப்போதும் மோசம்,
இது அவனுக்கு இரண்டடி பின்னால் போனது.

ஓடிக்கொண்டே உடம்பைத் திருப்பி
ஒற்றைக் கையால் எடுத்தான்.

காலையில் சாவி ஆணியில் தொங்கியது.
வில்லை இல்லை.