இல்லையெனில்

டவுன்ஹால் ரோட்டில் அறுநூற்றைம்பதுக்கு வாங்கினேன்.
திரையின் இடது மூலைக்கு விரல் தெரியாது.
சிம் போடும் இடம் உடைந்திருந்தது.
"இதுல பேச முடியாது தம்பி, கேக்க மட்டும் செய்யும்."
கேட்கிற போன்தான் எனக்கு வேண்டும்.

செல்லூரில் எங்கள் காம்பவுண்டுக்கு
நாலு நாளைக்கு ஒருமுறை மாநகராட்சித் தண்ணீர்.
ஒன்றரைக்கு வரும், நாலுக்கு வரும்.
வருமுன் குழாய் வெறுங்காற்றைக்
கொஞ்ச நேரம் ஊதும்.
அந்த ஊதலைக் கேட்டு எழுப்ப ஒரு செயலி,
அவ்வளவுதான் திட்டம்.

பகலெல்லாம் கோரிப்பாளையத்தில் வீல் அலைன்மென்ட்.
ராத்திரி கட்டிலில் குப்புறப் படுத்து
வண்ணக் கட்டைகளை இழுத்து இழுத்துப் பொருத்துவேன்.
ஊதா நிறத்தில் 'எனில்'.
அதன் வாய்க்குள் சத்தம் நாற்பதுக்கு மேல்.
அதற்குக் கீழே மணியடி.
மாறிக்குப் பெயர் தண்ணிவருது.
தொடக்க மதிப்பு: பொய்.
எங்கள் வார்டில் அது பெரும்பாலும் மாறுவதில்லை.

முதல் ராத்திரி ஆட்டோவுக்கு அடித்தது.
அடுத்த ராத்திரி, டூட்டி முடிந்துவந்த
மாடிவீட்டு நர்ஸ் பிரிஸில்லாவின் குக்கருக்கு.
மூன்றாம் ராத்திரி ஒரு பல்லிக்கு.
ஆறு குடும்பமும் குடத்தோடு நின்று பார்த்த பார்வை இருக்கிறதே!
"வெயில்முத்து, அந்தப் போனைக் கொண்டுபோய் வைகையில போடு."
"போட்டாலும் நனையாதுக்கா" என்றேன்.
யாரும் சிரிக்கவில்லை.

சத்தத்தின் அளவை விட்டுவிட்டுச் சுருதியைப் பிடித்தேன்.
பத்து ராத்திரி பதிவுசெய்து, கோடாக்கிப்
பெரிதுபண்ணிப் பார்த்தால்
குழாய்க்காற்று ஒரு சீப்பின் பல்வரிசை.
அதற்குப்பின் ஒருமுறைகூடத் தவறவிடவில்லை.
கூடவே இன்னொன்றையும் பிடித்தது.

தண்ணீர் முறை இல்லாத நாளிலும்
இரண்டு இருபதுக்கு, இரண்டு நாற்பதுக்கு அதே சீப்பு.
குழாயில் இல்லை. குழாய்க்கு மேலே ஜன்னல்.
ஜன்னலுக்கு அந்தப்பக்கம் குபேந்திரன்,
கழிவுப்பஞ்சு குடோனில் மூட்டை பிரிக்கிறவர்,
எழுந்து உட்கார்ந்து மூச்சிழுக்கிறார்.
செயலிக்கு இரண்டும் ஒன்றுதான்:
இடுக்கில் நுழையத் திணறும் காற்று.

பிழை என்று குறித்துக்கொண்டேன்.
மூன்று நொடிக்கு ஒருதரம் விட்டுவிட்டு வந்தால்
கண்டுகொள்ளாதே, என்று ஒரு கட்டை சேர்த்தேன்.
அருமையாக வேலை செய்தது.
அவர் இரைக்க இரைக்க
போன் ஒரு விளக்குகூட எரியாமல் கிடந்தது.

"இப்பல்லாம் உன் மிஷின் தங்கமா இருக்குடா" என்றார்,
காலையில், பல் விளக்குமிடத்தில்.
நுரையைத் துப்பிவிட்டு
உள்ளே போய் அந்தக் கட்டையை மாற்றினேன்.
மணி வேண்டாம். என் தலையணைக்கடியில் இருக்கும் போனுக்கு
ஒரே ஒரு அதிர்வு.
அதை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறேன் என்றெல்லாம் யோசிக்கவில்லை.
அதிரும். விழிப்பேன். அடுத்ததும் வந்துவிட்டால்
திரும்பப் படுப்பேன்.
யாரிடமும் சொல்லவில்லை.
அவரைக் கேட்காமல் அவரைக் கேட்பதற்கு
என்ன பெயர் வைப்பது?
பெயர் வைப்பதில் நான் எப்போதும் சுமார்.

ஆடியில் ஒரு ராத்திரி, இரண்டு இருபது. இல்லை.
இரண்டு நாற்பது. இல்லை.
மூன்றுக்கு எழுந்துபோய்க் குழாயடியில் பார்த்தேன்.
சார்ஜ் எண்பத்தொன்று. மைக் ஓடிக்கொண்டிருக்கிறது.
கோடு மட்டும் தரையோடு தரையாக
பென்சிலால் இழுத்ததுபோல.
ஜன்னலில் காது வைத்தேன்.
எத்தனையோ 'எனில்' எழுதியிருந்தேன்.
'இல்லையெனில்' காலியாகக் கிடந்தது.

கதவைத் தட்டினேன், கையால்,
பிறகு போனால்.
திறந்தார். கன்னத்தில் தலையணைக் கோடு.
பெரியாஸ்பத்திரியில் புது மருந்து தந்திருக்கிறார்களாம்,
உறிஞ்சுகிற மருந்து.
"மூணு வருசத்துக்கப்புறம் இன்னைக்கித்தான்டா அசந்தேன்.
என்ன, தண்ணியா?"
"இல்லண்ணே."
"பின்ன?"

அதற்குக் கட்டை எதுவும் என்னிடம் இல்லை.
அவர் கொட்டாவி விட்டார், முழுசாக, தடங்கலில்லாமல்.
நான் அதைக் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான்
பின்னால் குழாய் ஊத ஆரம்பித்தது.
ஒருத்தர் குடமும் வைத்திருக்கவில்லை.
"ஓடுடா!" என்று அவர் உள்ளே பாய்ந்தார்.

கையிலிருந்த போன்
பதினோரு நொடி கழித்து அடித்தது.
அதை நாளைக்குப் பார்க்கவேண்டும்.