நாற்பத்தோராவது கோடு

சாவி இரண்டு.
பெரியது இரும்பு, புகைப்படத்துக்கு.
சின்னதுதான் கதவைத் திறக்கும்.
இரண்டையும் நீட்டினால்
பெரியதைத்தான் முதலில் எடுப்பார்கள்.

ஏட்ரியாட்டிக் கடலில், படகில் இருபது நிமிடம்,
ஒரு மரமும் இல்லாத இந்தப் பாறையில்
கப்பலில் வந்தவர்களை ஒருகாலத்தில்
நாற்பது நாள் பூட்டிவைத்தார்கள்.
கொள்ளைநோய் இருந்தால் அதற்குள் தெரிந்துவிடும்.
இல்லாவிட்டாலும் நாற்பது நாள்.
இப்போது குறைந்தது இரண்டு இரவு,
காலைச் சிற்றுண்டி உண்டு,
நாய்க்குத் தனிக் கட்டணம்.

வெளியே போகும் கடிதங்களை அன்று
இடுக்கியால் பிடித்து, கத்தியால் கீறி
வினிகரில் நனைத்துத்தான் அனுப்புவார்களாம்.
கூடத்துச் சுவரில் அப்படி ஒன்று சட்டமிட்டு மாட்டியிருக்கிறது.
அதே வினிகரால் நான்
குளியலறைக் குழாயின் உப்புக்கறை துடைக்கிறேன்.

எல்லாரும் கேட்பது ஏழாம் அறை.
ஜன்னலுக்குக் கீழே யாரோ ஆணியால் கீறிய கோடுகள்,
ஐந்தைந்தாய்.
மேலே கண்ணாடி, கண்ணாடிக்கு ஒரு விளக்கு.
பதினோரு வருடமாய்த் தூசி தட்டுகிறேன்,
எண்ணியதில்லை.

அக்டோபரில் ஒத்தாகரும் லிபூஷேயும் வந்தார்கள்,
பெர்னோ நகரிலிருந்து.
கல்யாணமாகி இருபது வருடமாம்.
"நாற்பது நாளும் இங்கேயே கிடக்கலாம் போலிருக்கிறதே!"
என்றார் அவர், காலணியைக் கழற்றும் முன்பே.
இதைச் சொல்லாத விருந்தாளி இதுவரை வந்ததில்லை.
நானும் ஒவ்வொரு முறையும் புதிதாய்ச் சிரிப்பேன்.
சம்பளத்தில் அதுவும் சேர்த்தி.

மூன்றாம் நாள் விடியலில் பூரா இறங்கியது.
பூரா எங்கள் வாடைக்காற்று.
மலையிலிருந்து உருண்டு வந்து
கடலைத் தோலுரிக்கும்.
தின்கோ தொலைபேசியில் கத்தினான்:
"நெவென்கா, படகு இன்றைக்கு இல்லை!"
நாளைக்கு என்று அவன் சொல்லவில்லை.

பெட்டியோடு துறையில் நின்றார் ஒத்தாகர்.
விமானம் என்றார், கூட்டம் என்றார்,
யாரிடம் புகார் செய்வது என்றார்.
வடகிழக்கைக் காட்டினேன்.

அடுத்த நாள் ரொட்டி தீர்ந்தது.
சோளமாவைக் கிளறி, டப்பா மத்தி மீனோடு வைத்தேன்.
அவர் மதிலைச் சுற்றி நடந்தார்,
நூற்றுப்பன்னிரண்டு அடி என்று வந்து சொன்னார்,
திரும்பவும் போனார்.
அதற்கும் அடுத்த நாள்
"இது சட்டவிரோதக் காவல்!" என்று
மேஜையைத் தட்டினார்.
தட்டில் மத்தி மீன் துள்ளியது,
உயிரோடு இருந்தபோது துள்ளியது போல.

லிபூஷேதான் எண்ணியிருந்தாள்.
"நாற்பத்தொன்று இருக்கிறதே," என்றாள்,
"ஒன்று கூடுதலாய்?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம்.
ஜன்னல் சட்டம் அப்போது அப்படி அதிர்ந்துகொண்டிருந்தது.
"நாற்பதாம் நாள் கதவைத் திறந்துவிட்டிருப்பார்கள்," என்றேன்.
"கடல் திறந்திருக்காது."

ஒத்தாகர் எழுந்து போய்
கண்ணாடியருகே குனிந்தார்.
மற்றதெல்லாம் சுண்ணாம்பில் கீறியது.
கடைசிக் கோடு கல்வரை இறங்கியிருந்தது.
வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.
பிறகு வந்து பாத்திரங்களைக் கழுவினார்,
மோசமாக, சோப்பு போகாமல்.
அவர் தூங்கியபின் நான் திரும்பக் கழுவினேன்.

காற்று விழுந்த காலை
கடல் ஒன்றுமே செய்யாத முகத்தோடு கிடந்தது.
கூடுதல் மூன்று இரவுக்கும் பணம் வாங்கு என்றது அலுவலகம்.
ஒன்றுக்கு மட்டும் வாங்கினேன்.
மற்ற இரண்டையும்
'துணி துவைத்தல், இதர' என்று எழுதிவைத்தேன்.
பெரிய சாவி கொக்கியில் இருந்தது.
சின்னதைக் காணோம்.

மூன்று வாரம் கழித்து ஒரு உறை வந்தது.
உள்ளே சின்னச் சாவி. கடிதம் இல்லை.
தபாலில் குலுங்கிக் குலுங்கி
சாவியே உறையின் ஓரத்தைக் கீறியிருந்தது,
கத்தியால் கீறியது போல் நேராக.
என்ன நினைத்தேனோ,
மூக்கருகே வைத்து முகர்ந்தேன்.
பசை வாசனைதான்.
என் விரல்களில் மட்டும் வினிகர்.