ஐம்பது நிமிடம்

க்ல்தானி எட்டாம் பிளாக்கில்
லிஃப்டுக்குக் காசு போட வேண்டும்.
ஏறப் பத்து தெத்ரி.
இறங்குவது இலவசம்.
பொதுப்பண்டம், கட்டணம், ஓசிச் சவாரி என்று
பேராசிரியர் மெராப் ஒரு பருவம் முழுக்கப் பேசியதை
இந்தத் துருப்பிடித்த பெட்டி
ஏறுவதற்குள் சொல்லி முடித்துவிடுகிறது.

திபிலிசியில் இது பிப்ரவரி.
கழுத்தில் புள்ளியியல் அலுவலக அட்டை,
ஆறு வாரத்துக்குச் செல்லும்.
கையில் டேப்லெட்,
அதற்குள் நூற்று நாற்பது வீடுகள்.
யாருக்கு வேலை இருக்கிறது, யாருக்கு இல்லை
என்று எண்ணுவதுதான்
எனக்குக் கிடைத்திருக்கும் வேலை.

சேர்ந்த நாளில் தந்த வழவழப்பான கையேட்டில்
கோட் போட்ட ஒருத்தி
கண்ணாடிக் கட்டடத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.
அவள் காலடியில் அச்சிட்டிருந்தது:
வங்கி, ஆலோசனை, ஆய்வு, அமைச்சகம்.
நாலு வருடமும் அவளைத் தேடினேன்
நூலகத்தில், கேன்டீன் வரிசையில்.
பிறகுதான் தெரிந்தது,
அச்சகத்துக்காரர் விலைக்கு வாங்கிய படமாம்.

சலோமே சூதாட்டக் கம்பெனியில்
நிகழ்தகவு போடுகிறாள். கை நிறையச் சம்பளம்.
அவள் வீட்டில் வங்கி என்றே சொல்லிக்கொள்கிறார்கள்.
வாஜா போலந்தில், கிடங்கில்.
‘இங்கே ஃபோர்க்லிஃப்ட் லைசென்ஸ்தான் முதுகலை’
என்று எழுதியிருந்தான்.

ஒன்பதாம் மாடி, முப்பத்தாறாம் எண்.
கதவைத் திறந்தவன் குராம்.

எகனாமெட்ரிக்ஸ் வகுப்பில்
எனக்குப் பின் பெஞ்சு.
என் சமன்பாடுகளில் விட்டுப்போன மாறியை
பென்சில் முனையால் முதுகில் குத்திச் சொன்னவன்.

வாசித்தபடியே கேட்க வேண்டும், அது விதி.
“கடந்த ஏழு நாட்களில்
ஒரு மணி நேரமாவது
கூலிக்கோ லாபத்துக்கோ வேலை செய்தீர்களா?”

“செய்தீர்களா-வா?” என்றான்.

நான் திரையைப் பார்த்தேன்.
அவன் சாக்ஸில் இருந்த ஓட்டையைப் பார்த்தேன்.

“செவ்வாய்க்கிழமை,
மூணாம் மாடி லமாராவோட ரௌட்டரைச் சரி பண்ணேன்.
காசு வேணாம்னேன்.
ஒரு ஜாடி பிளம் தொக்கு குடுத்தாங்க.”

தொக்கும் கூலிதான்.
பயிற்சிக் கையேடு, பக்கம் நாற்பத்தொன்று.

“எவ்வளவு நேரம்?”

“அம்பது நிமிஷம்.”

வெளியே யாரோ கம்பளத்தை அடித்துத் தூசி தட்டினார்கள்.
பத்து நிமிடம் குறைகிறது
ஒரு மனிதன் நாட்டின் உழைப்பாளி ஆவதற்கு.

“திரும்பி நடந்துதான் ஏறி வந்தேன்,
ஜாடியோட ஆறு மாடி.
பத்து நிமிஷம் ஆச்சு.”

“லிஃப்ட்?”

சட்டைப்பையை வெளியே இழுத்துக் காட்டினான்.
இருந்தது ஒரு பஸ் சீட்டு.

வேலைக்குப் போய்வரும் நேரம் சேராது,
அதுவும் அதே பக்கத்தில் இருக்கிறது.
ஆனால் இங்கே யார் பார்க்கிறார்கள்?
அறுபது என்று தட்டப் போனது என் விரல்.

“அம்பதுன்னே போடு,” என்றான்.
“தரவைக் கெடுக்காதே.”

போட்டேன்.

அடுத்த கேள்வி தானாக விரிந்தது.
“கடந்த நான்கு வாரங்களில்
வேலை தேடினீர்களா?”

பதில் இல்லை.
தேடி அலுத்தவனை
வேலையில்லாதவன் என்றுகூட எழுத முடியாது.
அவனுக்குத் தனிக் கட்டம் உண்டு:
தொழிலாளர் படைக்கு வெளியே.
அந்தக் கட்டத்தில் விழுபவர்களால்
விகிதம் ஏறுவதில்லை.
மாலைச் செய்தியில் அமைச்சர்
தண்ணீர் குடிக்க வேண்டி வருவதில்லை.

அவனுக்கும் இது தெரியும்.
அந்தப் பாடத்தில்
என்னைவிடப் பதினொரு மதிப்பெண் அதிகம்.

கதவு நிலையில் சாய்ந்தபடி,
வேறெங்கோ பார்த்துக்கொண்டு,
மெதுவாகக் கேட்டான்:
“உங்க ஆபீஸ்ல ஆள் எடுக்கிறாங்களா?”

ஒரு நொடி இருவரும் அசையவில்லை.
அப்புறம் அவன் உதடு கோணியது,
எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

தேடினார்: ஆம்.
முறை: நான்கு,
நண்பரிடம் விசாரித்தல்.

“சொல்றேன்,” என்றேன்.
மார்ச் மாதம் முடிகையில்
நானே விசாரிக்க வேண்டியிருக்கும் என்று சொல்லவில்லை.

அடுத்த வீடு பதினாலாம் மாடி.
லிஃப்ட் முன் நின்று
கைப்பையைத் துழாவினேன்.