நீர்மேல் எழுத்து

பதிவாளர் அலுவலகத்தில் என் வேலை
ஆறுகளைப் பேரேட்டில் ஏற்றுவது.
நிலத்துக்கு ஒரு புத்தகம், நீருக்கு வேறொன்று.
சிலியில் இரண்டும் எப்போதோ பாகம் பிரிந்துவிட்டன.
இந்தப் பள்ளத்தாக்கில் ஒருவருக்குத் தோட்டம் இருக்கலாம்,
தண்ணீர் இராது;
சாந்தியாகோவில் ஒன்பதாம் மாடியில் இருப்பவருக்குத்
தண்ணீர் இருக்கலாம்,
ஒரு பிடி மண் இராது.

நோல்பெர்த்தோ ஒசந்தோன் வந்தபோது
காலணியில் ஆற்றுமணல்.
பாலத்தைச் சுற்றி வர யாருக்கும் பொறுமையில்லை;
ஆற்றின் நடுவில்
சனிக்கிழமைகளில் பையன்கள் கோல்கம்பம் நடுகிறார்கள்.

அப்பா விட்டுப்போன பத்திரத்தை விரித்தார்:
நொடிக்கு இரண்டு லிட்டர்,
இடைவிடாமல்,
என்றென்றைக்கும்.
"வரிசையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டேன்.
ஏழாயிரத்து இருநூறு லிட்டர் ஆயிற்று.
எந்த ஜன்னலில் வாங்கிக்கொள்ள?"
சிலர் சிரித்தார்கள்.
நானும்தான்.

எங்கள் தெருவுக்குச் செவ்வாய்தோறும் லாரி,
தலைக்கு நாளொன்றுக்கு ஐம்பது.
மகள் தலை கழுவிய நீரில் தரை,
தரை துடைத்த நீரில் கழிப்பறை.
காசைத் தண்ணீராய்ச் செலவழிக்கிறான் என்று
யாரையும் இனித் திட்ட முடியாது;
கஞ்சன் என்றல்லவா பொருள்படும்?

மலைச்சரிவில்
வெண்ணெய்ப்பழ மரங்கள் மட்டும் பச்சை.
அங்கே பம்பு ஓட்டுவது என் தம்பி எலாதியோ.
மாதக் கடைசியில் அவன் தரும் பணத்தில்தான்
எங்கள் வீட்டு அடுப்பு.
ஆகவே அந்தப் பச்சையைப் பற்றி
நான் அதிகம் பேசுவதில்லை.

வாங்குபவர் வரவில்லை, வக்கீல் வந்திருந்தார்.
"செத்த ஆறு. எதற்கு உங்களுக்கு?"
"ஆறு வேண்டாம் ஐயா, உரிமை போதும்.
கிணற்றுக்கு மாற்றிக்கொள்வோம்."

உரிமை.
சதுக்கத்தில் தகரத் தட்டைத் தட்டிக்கொண்டு
நானும் கத்திய சொல்தான் அது,
தொண்டை கட்டுமளவுக்கு.
இதோ அதே சொல், அதே எழுத்துகள்,
மறுநாள் என் கையாலேயே
விலை போட்டு எழுதுகிறேன்.
அகராதியில் அதற்கு
இரண்டு பத்தி இருக்கிறதோ என்னவோ,
பேரேட்டில் ஒரே கட்டம்.

விற்காமல் இருந்திருக்கலாம் அவர்.
லாரிக்காரனுக்குப் பதினோரு மாதப் பாக்கி,
மனைவிக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ்;
அந்த இயந்திரமும் தண்ணீர்தான் கேட்கிறதாம்,
சுத்தமாக, நிறைய.

குடிக்கக் கேட்டார்.
அலுவலகக் கேனிலிருந்து ஒரு கிளாஸ்.
பாதி குடித்து, மீதியை மேசையில் வைத்தார்.
இங்கே யாரும் கொட்டுவதில்லை.

கையெழுத்திட்டார். ஒசந்தோன் என்பதன் கடைசி எழுத்து
கோட்டுக்கு வெளியே ஓடியது.

முத்திரைத் திண்டு காய்ந்து கிடந்தது.
அவர் கிளாஸில் விரலை நனைத்து
மூன்று சொட்டு விட்டேன்.
பார்த்துக்கொண்டே இருந்தவர்
"அதையும் எழுதிக்கொள்ளுங்கள், அம்மா" என்றார்.