ஓரக்குறிப்பு

பையை வாங்கிக்கொண்டு டோக்கன் தருவார்கள்.
பித்தளை, பதினான்காம் எண்,
உள்ளங்கையில் ஐஸ் மாதிரி இருக்கும்.
ஸ்வெட்டருக்கு அனுமதி உண்டு, குல்லாவுக்கும்.
குடை மட்டும் வாசலில் தொங்கி
நாள் முழுக்கச் சொட்டும்.

அட்டுவம்பட்டியில் ஜன்னலைத் திறந்தால்
மேகம் உள்ளே வந்து மேஜையில் உட்காரும்.
அதனால் யாரும் திறப்பதில்லை.
மேல்மாடியில் சமூக அறிவியல்.
முந்நூறில் தொடங்கி
முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பதில் முடிந்துவிடுகிறது
உலகத்தின் அத்தனை கூலித் தகராறும்.
கடைசி அலமாரியில் பூஞ்சை வாசம்,
அதற்கு மேல் அந்துருண்டை வாசம்,
அதற்கும் மேல் செலின் அக்காவின் ஃபிளாஸ்க்கிலிருந்து சுக்குக்காப்பி.

மேல்மலைப் பூண்டுக் காடுகளில் பெண்களின் வேலை நாட்கள்.
இதுதான் என் தலைப்பு.
ஊருக்குப் போகும் முன் புள்ளிவிவரத்துக்குப் போ
என்றார் நெறியாளர்.

போனேன்.
எண்பத்தொன்றாம் வருடக் குடிக்கணக்கில்
திண்டுக்கல்லைத் தேடியே இரண்டு நாள் போனது.
மூன்றாம் நாள்
தலை நிமிராமல் செலின் அக்கா சொன்னார்:
"அப்ப நாம மதுரைல இருந்தோம்."
மலை இருந்த இடத்தில்தான் இருந்திருக்கிறது.
புத்தகத்தின் முதுகில்தான் ஊர் மாறியிருக்கிறது.

இரண்டு கிலோவாவது இருக்கும் அந்தத் தொகுதி.
என் ஊரின் வரிசையில் ஸ்கேலை வைத்து
ஆங்கிலக் கட்டங்களைத் தாண்டித் தாண்டி
வலப்பக்கம் போனேன்.
வீடுகள். ஆட்கள். எழுதப் படிக்கத் தெரிந்தோர்.
தொழில் செய்யாதோர், பெண்கள்:
முந்நூற்றுப் பதினொன்று.
பத்துப் பேரில் ஒன்பது பேர்.

நூற்று எண்பத்து மூன்று நாள் உழைத்தால்தான்
முழுத் தொழிலாளி என்கிறது முன்னுரை.
யார் எண்ணிக்கொண்டிருந்தார்கள் அந்த நாட்களை?
கணக்கெடுக்க வந்தவர் கதவைத் தட்டியிருப்பார்.
ஓர் ஆண் திறந்திருப்பார்.
வீட்டுல சும்மாதான் இருக்கா, என்றிருப்பார்.
வீட்டில் இல்லை அவள், அந்நேரம்.

அந்த எண்ணுக்குப் பக்கத்தில், வெள்ளை ஓரத்தில்,
முனை மழுங்கிய பென்சிலில், தமிழில்:
அப்ப பூண்டு யாரு பிடுங்குனா?

அவ்வளவுதான். பெயரில்லை, தேதியில்லை.
தாளைத் திருப்பித் தடவினால்
கேள்விக்குறி மறுபக்கம் புடைத்திருந்தது.

யார் எடுத்துப் போனார்கள் இதை, கேட்டேன்.
"ரெபரன்ஸ் புக். வெளிய போகாது.
யாரு பேரும் இருக்காது."

என் அடிக்குறிப்பில் எழுதினேன்:
மேற்படி நூல், பக்கம் இருநூற்றுப் பதினான்கு, ஓரம், பென்சில்.
சிவப்பு மையில் வட்டம் போட்டுத் திரும்பி வந்தது.
ஓரத்தில் கிடப்பதெல்லாம் ஆதாரம் ஆகாதும்மா.
எடுத்துவிட்டேன்.
அவர் சொன்னதும் சரிதான்.

ஆனால் என் வினாத்தாளில் நான்காம் கேள்வி
நீங்கள் வேலை செய்கிறீர்களா, என்றிருந்தது.
முதல் பதினெட்டு வீட்டில்
நகக்கண்ணில் பூண்டுத் தோலோடு
இல்லை என்றார்கள் பெண்கள்,
டீ போட்டுக் கொடுத்தபடி.
பத்தொன்பதாம் வீட்டுக்குப் போகும் மேட்டில் நின்று
அந்தக் கேள்வியை அடித்தேன்.
மாசியில் உங்கள் காட்டில் பூண்டு யார் பிடுங்கினார்கள்?

ராசாமணி என்னை மேலும் கீழும் பார்த்தார்.
"வேற யாரு, உங்கப்பனா?"
பிறகு உட்கார்ந்து விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார்.
நடவு, களை, மருந்தடி, பிடுங்கல், காயவைத்தல், கட்டுக்கட்டுதல்.
இருநூற்று நாற்பதைத் தாண்டியபோது
மழை வந்துவிட்டது,
இன்னும் உருளைக்கிழங்குக்கு வரவில்லை நாங்கள்.

ஜூனில் இருப்புச் சரிபார்ப்பு.
பென்சில் கோடுகளை எல்லாம் அழிக்க வேண்டும் என்று உத்தரவு.
செலின் அக்கா ரப்பரோடு உட்கார்ந்தார்,
நான் எதிர்மேஜையில் ஏதோ படித்தேன்.
தேய்ப்பார், ஊதுவார், புரட்டுவார்.
மதுரைத் தொகுதிக்கு வந்தார்.
இருநூறு. இருநூற்றுப் பத்து.
பிறகு எச்சில் தொட்டு
இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டினார்,
நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு.